வெளிநாட்டில் உள்ளூர் ரயில் டிக்கெட்: சுங்கை சிப்புட் மக்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். கடப்பிதழ் நகல், பள்ளிப் பாரம் எல்லாம் போக, இந்தச் சில வருடங்களாக ரயில் டிக்கெட் அச்செடுக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று மியூனிக்கிலும் மான்செஸ்டரிலும் வேலை பார்க்கிறார்கள். அப்பா அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். விமான டிக்கெட்டை ஏஜெண்டு பார்த்துக்கொள்வார். அங்கே இறங்கிய பிறகு ஏறவேண்டிய சின்ன ரயில்கள்தாம் தலைவலி. என் தங்கையும் ஜெர்மனியில் இருப்பதால் நானும் கொஞ்சம் அலைந்திருக்கிறேன். கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, மகளைப் பார்க்க ஜெர்மனிக்குப் போகிறோம். மூன்று மாதம் முன்னாலேயே ரயில் டிக்கெட் எடுத்துவிடட்டுமா? இல்லாவிட்டால் முடிந்துபோகாதா?

இந்தப் பயம் நம் நாட்டுத் தூர ரயிலான இ.டி.எஸ். கற்றுக்கொடுத்த பயம். தீபாவளி நேரத்தில் கோலாலம்பூருக்கு இடம் கிடைக்காமல் நம்மில் அவதிப்படாதவர் யார்? அதனால் எந்த ஊர் ரயிலாக இருந்தாலும் முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம்.

வெளிநாட்டு ரயிலை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்று தூர வண்டி. இ.டி.எஸ். மாதிரி. விமான டிக்கெட் போல விலை ஏறும், இறங்கும்; மலிவான டிக்கெட் ஒரே ஒரு வண்டிக்குத்தான் செல்லும். இதற்குச் சீக்கிரம் எடுப்பது லாபம். இன்னொன்று ஊர் வண்டி. நம் கோமுட்டர் புறநகர் ரயில் மாதிரி. இன்று எடுத்தாலும் அடுத்த மாதம் எடுத்தாலும் விலை ஒன்றுதான். இருக்கை எண் கிடையாது, இடம் இருந்தால் உட்காரலாம், இல்லையென்றால் நிற்கலாம். ‘டிக்கெட் தீர்ந்துவிட்டது’ என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது. ஜெர்மனியில் ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்று எழுத்துப் போட்டு ஓடுவது ஊர் வண்டி; ஐ.சி.இ., ஐ.சி. என்றால் தூர வண்டி. இத்தாலியில் ‘ரெஜியோனாலே’, பிரான்சில் ‘டெர்’ என்று இருப்பவை ஊர் வண்டிகள்.

ஊர் வண்டிக்கு மூன்று மாதம் முன்னால் டிக்கெட் எடுப்பதில் ஒரு லாபமும் இல்லை. திட்டம் மாறினால் நஷ்டம்தான். மியூனிக்கிலிருந்து பெர்லின் போகவேண்டும் என்றால் மட்டும் உடனே எடுங்கள்.

எந்த வண்டி எது என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுத்தெல்லாம் ஞாபகம் இருக்காது.

ஒரே பயணத்தை இரண்டு தேதிக்குத் தேடிப் பாருங்கள்: நாளைக்கு ஒரு முறை, அடுத்த மாதத்துக்கு ஒரு முறை. விலை மாறவில்லை என்றால் அநேகமாக ஊர் வண்டி. இது போதும்.

மாதம் முழுக்க ஒரே டிக்கெட்டில் ஜெர்மனியைச் சுற்றலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று பெயர். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள். 2025-இல் 58 ஆனது, 2026-இல் 63. நாடு முழுவதும் ஊர் வண்டி, நகர ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். தூர வண்டியில் ஏறக்கூடாது. மியூனிக் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் எஸ் வண்டிக்கும் இது செல்லும் என்பதால், இறங்கிய நிமிடத்திலிருந்தே காசு மிச்சம்.

ஆனால் இது டிக்கெட் என்ற பெயரில் இருக்கும் மாதச் சந்தா. நாமே நிறுத்தும்வரை ஒவ்வொரு மாதமும் காசு பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த மாதத்தோடு முடிய வேண்டும் என்றால் அதே மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்திருக்க வேண்டும். எல்பில் தோட்டப் பக்கமிருந்து வரும் ஒரு அக்கா ஊர் திரும்பி டுரியான் சீசனும் முடிந்த பிறகு கார்டு கணக்கைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். எடுத்த அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். அந்த மாதக் கடைசிவரை டிக்கெட் உயிரோடுதான் இருக்கும்.

இன்னொன்று, இது நாட்காட்டி மாதக் கணக்கு. 20-ஆம் தேதி போய் இறங்கி அடுத்த மாதம் 10-ஆம் தேதி திரும்பினால் இரண்டு மாதக் காசு. அப்போது இது லாபமா என்று ஒரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும். சில விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள், சிலர் கிரெடிட் கார்டை ஏற்பார்கள். மகளையே எடுக்கச் சொல்வது சுலபம், ஆனால் உங்கள் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் காட்ட முடியாது, கடப்பிதழும் கையில் இருக்க வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர், ஒரே ஒரு நாள்தான் வெளியே போகிறோம். அதற்கும் மாத டிக்கெட்டா?

வேண்டாம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் ஒரு நாள் குழு டிக்கெட் உண்டு. பவேரியா மாநிலத்தில் அது பயர்ன் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட். முதல் ஆளுக்கு ஒரு விலை, கூட வரும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கூடுதல். நான்கைந்து பேர் பங்கு போட்டால் தலைக்கு வெகு மலிவாக வரும். மியூனிக்கிலிருந்து ஃபியூசன் போய் மலைமேல் இருக்கும் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்த்து வரலாம். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும்கூட இது செல்லும்.

வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்னால் செல்லாது. சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் நள்ளிரவிலிருந்தே செல்லும். முடிவு நேரம் மறுநாள் விடியற்காலை 3 மணி. அப்புறம், பயணம் செய்யும் எல்லார் பெயரையும் டிக்கெட்டில் எழுத வேண்டும். ஸ்டேஷன் டிக்கெட் கருவியில் எடுத்த தாளை அப்படியே பையில் போட்டுக்கொண்டால் பரிசோதகர் கேட்பார். பேனா கொண்டுபோங்கள், அங்கே இரவல் கேட்டு நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இணையத்தில் கேட்கிறதே, என்ன போடுவது? ஏ/எல், ஏ/பி போட வேண்டுமா?

கடையில் நான் அதிகம் பதில் சொல்லும் கேள்வி இது. நம் கடப்பிதழில் சொந்தப் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்பா பெயர் என்று ஒரே வரியாக இருக்கும். வெள்ளைக்காரத் தளங்கள் முதற்பெயர் ஒரு பெட்டி, குடும்பப்பெயர் ஒரு பெட்டி என்று பிரித்துக் கேட்கும். சாய்கோட்டைப் போட்டால் பல தளங்கள் சிவப்பு எழுத்தில் திட்டும்.

ரயிலுக்கு நான் செய்வது: முதற்பெயர்ப் பெட்டியில் சொந்தப் பெயர், குடும்பப்பெயர்ப் பெட்டியில் அப்பா பெயர். ஏ/எல், ஏ/பி விட்டுவிடுவேன். பரிசோதகர் கடப்பிதழோடு ஒப்பிடும்போது இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால் போதும். இதுவரை யாரும் திரும்பி வந்து சிக்கல் என்று சொன்னதில்லை. ஆனால் இது ரயிலுக்கு மட்டும். விமான டிக்கெட்டுக்கு அந்தந்த விமான நிறுவனம் எப்படிப் போடச் சொல்கிறதோ அப்படித்தான் போட வேண்டும்.

கல்யாணமான அக்காமார் சிலர் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். கடப்பிதழில் அப்பா பெயர்தான் இருக்கும். அதைத்தான் போட வேண்டும். பெயரே கேட்காத சாதாரண ஒருவழி டிக்கெட் என்றால் இந்தக் கவலையே இல்லை.

கூகுளில் தேடினால் முதலில் வரும் தளத்தில் எடுத்தால் என்ன?

முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளம். எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் நம் கார்டு சிரமமில்லாமல் வேலை செய்யும், ஆங்கிலமும் தெளிவாக இருக்கும். ஆனால் ஊர் வண்டிக்கு அங்கே எடுப்பது வீண். என் முதல் பயணத்தில் அப்படி ஒரு தளத்தில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். சேவைக் கட்டணம், அதன்மேல் அவர்கள் வைத்த நாணய மாற்று விகிதம். அங்கே போய்ப் பார்த்தால் அதே டிக்கெட் ஸ்டேஷன் கருவியில் கணிசமாகக் குறைவு. ரத்து செய்யலாமா என்று எழுதிக் கேட்டேன், பதில் வருவதற்குள் நான் ஊருக்கே வந்துவிட்டேன்.

அந்தந்த நாட்டு ரயில் நிறுவனத்தின் சொந்தச் செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது ஸ்டேஷன் கருவிக்குப் போங்கள். கருவிகளில் மொழி மாற்றக் கொடிப் படம் இருக்கும். தமிழ் இருக்காது, ஆங்கிலம் இருக்கும்.

கருவியில் என் வங்கி அட்டை வேலை செய்யுமா?

வேலை செய்யும், இங்கேயே தயார் செய்துகொண்டு போனால். மோசடிக்குப் பயந்து நம் வங்கிகள் டெபிட் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடித்தான் வைத்திருக்கின்றன. வங்கிச் செயலியில் போய் நாமே திறந்துவிட வேண்டும். வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது இது ஞாபகம் வந்தால் வேர்த்துவிடும். அட்டையின் ஆறு இலக்க ரகசிய (PIN) எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; தட்டினால் போதும் என்று பழகியவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும். இணையத்தில் எடுப்பதாக இருந்தால், ஒப்புதல் கேட்பது உங்கள் கைத்தொலைபேசிச் செயலிக்கு வரும். அங்கே இணைய வசதி இருக்க வேண்டும்.

கருவி ‘ரிங்கிட்டில் கட்டுகிறாயா, யூரோவிலா?’ என்று அன்பாகக் கேட்கும். யூரோ என்று சொல்லுங்கள். ரிங்கிட்டைத் தொட்டால் அவர்கள் வைத்ததுதான் விகிதம்.

டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் போட்டார்களாமே?

எனக்கே போட்டார்கள். இத்தாலியில். ஊர் வண்டித் தாள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி போய் உட்கார்ந்தேன். அங்கே ஏறுவதற்கு முன்னால் நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் டிக்கெட்டை நுழைத்து நேரம் அச்சடிக்க வேண்டும். அச்சடிக்காத டிக்கெட்டை மறுபடியும் பயன்படுத்தலாம் அல்லவா, அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ‘தெரியாது’ என்றேன். பரிசோதகர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பெட்டி வேலை செய்யவில்லை என்றால், உட்காராமல் நேரே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

கைத்தொலைபேசியில் எடுக்கும் ஊர் வண்டி டிக்கெட்டுக்கும் இத்தாலியில் இப்போது ‘செக்-இன்’ உண்டு. ஏறுவதற்கு முன் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டி உறுதிசெய்ய வேண்டும்.

ஜெர்மனியில் டிக்கெட்டே இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், சாப்பாடு இறங்காது.

இங்கிலாந்தில் மகன் படிக்கிறான். அங்கே டிக்கெட் விலை தலையைச் சுற்ற வைக்கிறதே?

அங்கே கொஞ்சம் குழப்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே பாதைக்கு மூன்று விதம். ‘அட்வான்ஸ்’ மலிவு, ஆனால் குறிப்பிட்ட வண்டி மட்டும். ‘ஆஃப்-பீக்’ கூட்ட நேரம் தவிர மற்ற நேரத்தில். ‘எனிடைம்’ எப்போது வேண்டுமானாலும், விலையும் அதற்கேற்றபடி. நம்மைப் போன்று பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் காலை எட்டு மணி வண்டியில் என்ன வேலை? நாஸ்தா சாப்பிட்டுவிட்டு ஆஃப்-பீக்கில் போகலாம்.

நம்மவர்கள் தவறவிடுவது ரயில்கார்டு. வெளிநாட்டவரும் வாங்கலாம். கணவன் மனைவி சேர்ந்து பயணம் செய்தால் ‘டூ டுகெதர்’, 60 வயது தாண்டியிருந்தால் ‘சீனியர்’. பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. டூ டுகெதர் வார நாளில் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும், இருவரும் சேர்ந்தே போக வேண்டும். இரண்டு மூன்று நீண்ட பயணத்திலேயே போட்ட காசு வந்துவிடும்.

லண்டனுக்குள் டிக்கெட்டே வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை. கணவர் அட்டையில் இருவரும் போக முடியாது. காலையில் அட்டையைத் தட்டிவிட்டு மாலையில் கைத்தொலைபேசியைத் தட்டினால் அது வேறு ஆள் கணக்கு.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறோம். திருச்சியில் இறங்கி தஞ்சாவூர், கும்பகோணம். முன்பதிவு செய்ய வேண்டுமா?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குப் போய் முன்பதிவா? ஸ்டேஷனில் முன்பதிவில்லாத டிக்கெட் கவுண்டர் இருக்கும், ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். பெயர் வேண்டாம், கடப்பிதழ் வேண்டாம், மொழிச் சிக்கலும் இல்லை. அந்த ஒரே பாதையில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் என்று கோயில் கோயிலாக இறங்கலாம். 199 கிலோமீட்டர் வரையிலான இந்த டிக்கெட்டை எடுத்த பிறகு மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதற்குள் வண்டி இல்லையென்றால் அடுத்த முதல் வண்டியில், கிளம்பிவிட வேண்டும். காலையில் எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் போக முடியாது. சாதாரண வண்டிக்கு எடுத்த டிக்கெட் எக்ஸ்பிரஸில் செல்லாது. எந்த வண்டி என்று கவுண்டரில் சொல்லியே வாங்குங்கள்.

சென்னைக்கோ ராமேஸ்வரத்துக்கோ இரவு வண்டி என்றால் கதை வேறு. 2024 நவம்பர் முதல் சாதாரண முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அதற்கு முன் 120 நாள். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, அதில் 365 நாள் முன்பே எடுக்கலாம். ஆனால் எல்லா வண்டியிலும் இல்லை. தட்கல் என்ற கடைசி நேர முன்பதிவை நம்பிப் போகாதீர்கள். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க இந்திய அடையாள எண்ணான ஆதார் கேட்கிறார்கள், நம்மிடம் ஏது ஆதார்? காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை இணையத்தில் எடுத்து, கடைசியில் இடம் கிடைக்காவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது. ஆர்.ஏ.சி. என்று வந்தால் பயப்பட வேண்டாம், ஏறலாம். ஒரு படுக்கையை இருவர் பங்கு போட்டு உட்கார்ந்து போக வேண்டியிருக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. தாய்லாந்தின் ஹாட்யாய் வரைக்கும் ரயிலிலேயே போக முடியுமா?

முடியும். இங்கேயே இ.டி.எஸ். ஏறி எல்லை ஊரான பாடாங் பெசார். இந்தப் பகுதி தூர வண்டி, விடுமுறையில் நிறைந்துவிடும், முன்பே எடுங்கள். பாடாங் பெசார் ஸ்டேஷனுக்குள்ளேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் இருக்கிறது. அங்கிருந்து ஹாட்யாய்க்குத் தாய்லாந்து ரயில்வேயின் சின்ன வண்டி. அது ஊர் வண்டி, ஸ்டேஷனிலேயே டிக்கெட் வாங்கலாம், நூறு பாட்டுக்குள்தான். கையில் பாட் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் அது ஓடும் என்பதால் இ.டி.எஸ். வந்துசேரும் நேரத்தை அதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். அவர்கள் அட்டவணையில் 8 என்றால் நம் கடிகாரத்தில் 9. 2025 மே முதல் தாய்லாந்து வருகை அட்டையை இணையத்தில் முன்பே நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

வண்டியைத் தவறவிட்டால்?

ஊர் வண்டி என்றால் அடுத்ததில் ஏறுங்கள், அவ்வளவுதான். தூர வண்டியின் மலிவு டிக்கெட் என்றால் அநேகமாகக் காசு போச்சு. ஆனால் முதல் வண்டி தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால் அது உங்கள் குற்றமில்லை. இரண்டும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் கவுண்டரில் கேட்டு அடுத்ததில் போகலாம்.

ஐரோப்பிய நாடுகளை ஒரே பாஸில் சுற்றும் யூரெயில் பாஸ் வாங்கலாமா?

நாலைந்து நாடு சுற்றுகிறீர்கள், தூர வண்டிகள் நிறைய என்றால் யோசிக்கலாம். அப்போதும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக வண்டிகளுக்கு இருக்கைப் பதிவுக் கட்டணம் தனி. மகள் அங்கேயே குடியிருப்பவள் என்றால் அவளுக்கு யூரெயில் கிடையாது, அங்கே குடியிருப்பவர்களுக்கான இன்டர்ரெயில்தான். ஒரே ஊரில் தங்கிப் பக்கத்து ஊர்களைப் பார்க்கிறவர்களுக்கு இது வேண்டாத செலவு.

ஜப்பான்?

நான் போனதில்லை, போய்வந்தவர்களுக்கு அச்செடுத்துக் கொடுத்த அனுபவம்தான். ஜப்பான் ரயில்களில் சுற்றும் 7 நாள் ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. தோக்கியோவுக்குள்ளும் பக்கத்திலும் சுற்ற சுயிக்கா மாதிரியான தட்டும் அட்டை போதும். எவ்வளவு கட்டணம் என்று புரியவில்லையா, குறைந்த டிக்கெட்டை எடுத்து ஏறிவிடுங்கள். இறங்கும் ஸ்டேஷனில் வெளியேறும் முன் மீதியைக் கட்டுவதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அபராதம் இல்லை.

ஏறிய பிறகு கவனிக்க வேண்டியது ஏதாவது?

இரண்டு. கதவுக்குப் பக்கத்தில் பெரிதாக 1 என்று போட்டிருந்தால் அது முதல் வகுப்பு. ஊர் வண்டியிலும் முதல் வகுப்பு உண்டு, பெட்டி காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாக உட்காராதீர்கள். அடுத்தது, ஜெர்மனியில் சில ஊர் வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போகும். முன்பாதி ஓர் ஊர், பின்பாதி வேறு ஊர். நடைமேடைப் பலகையிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் ஊர்ப் பெயர் இருக்கும். பார்த்து ஏறுங்கள், குடும்பத்தோடு என்றால் எல்லாரும் ஒரே பெட்டியில் ஏறுங்கள்.

கைத்தொலைபேசியில் டிக்கெட் இருக்கிறது. அச்செடுக்கத்தான் வேண்டுமா?

என் பிழைப்புக்கு எதிராகச் சொல்கிறேன்: பெரும்பாலும் வேண்டாம். திரையைக் காட்டினால் ஸ்கேன் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். இத்தாலி மாதிரி செக்-இன் கேட்கும் டிக்கெட்டும், செயலிக்குள்ளேயே இருக்கும் மாதச் சந்தாவும் தாளில் செல்லாது. ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரண்டு பேர் டிக்கெட்டும் ஒருவர் கைத்தொலைபேசியில் இருக்கும், அவர் கழிவறைக்குப் போன நேரத்தில்தான் பரிசோதகர் வருவார். வயதானவர்கள் என்றால் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொடுத்துவிடுகிறேன். கறுப்பு வெள்ளை ஒரு பக்கம் 50 காசு. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடை அடைப்பு.